விட்டு விட்டு எடுத்த அளவுகளை ஆர் நிரல்மொழியில் வரைவது எப்படி

பெங்களூரு அல்சூரில் ஒரு அபார்ட்மெண்ட் என்று வைத்துக்கொள்வோம். சம்பில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று வாட்ச்மேன் நோட்டில் எழுதி வைக்கிறார். காவிரித் தண்ணீர் வருகிற நாளில் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை. சம்ப் அடி தட்டிவிட்டால், டேங்கர் வரும்வரை அரை மணிக்கு ஒரு தடவை. ஞாயிற்றுக்கிழமை எழுதுவதே இல்லை. இப்படிச் சேர்வதுதான் சீரற்ற இடைவெளிக் காலத்தொடர். வீட்டில் விரல் குத்திப் பார்க்கிற சர்க்கரை அளவும், பங்குச் சந்தையில் நடக்கிற ஒவ்வொரு டிரேடும் இதே இனம்தான்.

எக்செலில் இதற்கு லைன் சார்ட் போடுவது வழக்கம். நேரம் டெக்ஸ்டாகப் பதிந்திருந்தால் அந்த சார்ட் எல்லா வரிகளையும் சம தூரத்தில் அடுக்கிவிடும். அரை மணி இடைவெளிக்கும் முப்பத்தாறு மணி இடைவெளிக்கும் ஒரே அகலம். எக்செலிலேயே வரைந்தாக வேண்டும் என்றால் நேரத்தை எண்ணாக மாற்றி ஸ்கேட்டர் சார்ட் போடுங்கள்.

புள்ளியியல் வேலைக்கான ஆர் மொழிக்கு வந்தால், காலத்தொடர் என்றதும் கை முதலில் போவது டிஎஸ் என்ற காலத்தொடர் வகையின் பக்கம். கட்டளைகளை இங்கே வாயால் சொல்கிறபடியே எழுதுகிறோம். கணினியில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். டிஎஸ் ஒவ்வோர் அளவின் நேரத்தையும் தனித்தனியாக வைத்துக்கொள்வதில்லை. தொடக்கம், முடிவு, ஓர் அலகுக்கு எத்தனை அளவு என்ற மூன்று எண்களை வைத்துக்கொண்டு மற்றதைக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. மாதாமாதம் வருகிற மின்கட்டணத்துக்கு அது போதும், வாட்ச்மேன் நோட்டுக்கு ஆகாது. நமக்கு வேண்டியது ஸூ என்ற பேக்கேஜ், அதாவது ஆரில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிற கட்டளைத் தொகுப்பு. பெயரைப் பார்த்து மிருகக்காட்சிசாலை என்று நினைக்க வேண்டாம். உருவாக்கியவர்களில் ஒருவரான அகிம் ட்ஸைலைஸின் முதலெழுத்தை வைத்து, 'இசட்டின் வரிசைப்படுத்திய அளவுகள்' என்பதன் சுருக்கம் அது. ஒவ்வோர் அளவோடும் அதன் நேரத்தை ஒட்டி வைத்து, நேரப்படி தானே வரிசைப்படுத்திக்கொள்ளும்.

பாதி வேலை நேரத்தைச் சரியாகப் படிக்க வைப்பதில்தான். நாம் 03-04-2024 என்று எழுதினால் ஏப்ரல் 3. வடிவம் சொல்லாமல், எழுத்தைத் தேதியாக மாற்றுகிற ஆஸ்.டேட்டிடம் கொடுத்தால், அது வருடம்தான் முதலில் வரும் என்று எடுத்துக்கொண்டு கி.பி. 3ஆம் ஆண்டு ஏப்ரல் 20 என்று திருப்பித் தரும். பிழைச் செய்தி எதுவும் வராது. வடிவத்தைச் சொல்லும்போதும் எழுத்தின் அளவு முக்கியம்: சதவீதக் குறியோடு சின்ன எம் என்றால் மாதம், பெரிய எம் என்றால் நிமிடம். நான்கு இலக்க வருடத்துக்குப் பெரிய ஒய். சின்ன ஒய் போட்டால் 2024இன் முதல் இரண்டு இலக்கத்தை மட்டும் தின்றுவிட்டு, எல்லாத் தேதியையும் 2020 ஆக்கிவிடும்.

அடுத்தது நேரமண்டலம். ஆரில் தேதியையும் மணியையும் சேர்த்து வைக்கிற பிஓஎஸ்ஐஎக்ஸ்சிடி வகை, நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளாக யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எண்ணி வைத்துக்கொள்கிறது. சம்பில் சென்சார் பொருத்தி, அது விநாடி எண்ணாக அனுப்புவதை கிளவுடில் யூடிசி சர்வரில் வரைந்தால், காலை 6 மணி அளவு நள்ளிரவு 00:30க்கு வந்து உட்காரும். நேரமண்டலம் 'ஏசியா/கொல்கத்தா' என்று வெளிப்படையாகக் கொடுத்துவிடுங்கள். பெங்களூரு, சென்னை என்றெல்லாம் அந்தப் பட்டியலில் தேடினால் கிடைக்காது.

இனி வரைவது. பிளாட் கட்டளையில் டைப் என்ற இடத்தில் எல் கொடுத்தால் கோடு, பி கொடுத்தால் புள்ளியும் கோடும். சீரற்ற தொடருக்கு எப்போதும் புள்ளி வேண்டும் என்பது எங்கள் கட்சி. புள்ளிகள்தான் அளந்தவை, நடுவிலுள்ள கோடு நம் ஊகம். வரைபடத்தின் அடியில் ரக் என்ற கட்டளையால் அளந்த நேரங்களுக்குச் சின்னச் சின்னக் கோடுகள் போட்டுவிட்டால், எங்கே நெருக்கமாக அளந்தார்கள், எங்கே விட்டுவிட்டார்கள் என்பது பளிச்சென்று தெரியும். மோட்டார் ஓடுகிறதா நிற்கிறதா என்பது போன்ற நிலைகளுக்குச் சாய்கோடு பொருந்தாது, படிக்கட்டுதான் சரி. அங்கேயும் கவனம் தேவை: சின்ன எஸ் பழைய நிலையை அடுத்த அளவு வரை இழுத்துப் போய்ப் பிறகு குதிக்கும், பெரிய எஸ் முதலிலேயே குதித்துவிடும். மோட்டாருக்குச் சின்ன எஸ்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டையை என்ன செய்வது? சும்மா விட்டால் சனி மாலையிலிருந்து திங்கள் காலைக்கு ஒரு நேர்கோடு ஓடும். நடுவில் ஒரு டேங்கர் வந்துபோயிருந்தாலும் தெரியாது. கோட்டை அறுப்பதுதான் நேர்மை. டிஃப் கொடுத்து இடைவெளிகளைக் கணக்கிட்டு, 12 மணிக்கு மேல் போகிற ஒவ்வோர் இடத்திலும் எண் ஒன்று கூடுகிற மாதிரி, கூட்டிக்கொண்டே போகிற கம்சம் கட்டளையைப் போட்டுப் புதிதாக ஒரு நெடுவரிசை உண்டாக்குங்கள். அதை ஜிஜிபிளாட்2 என்ற வரைபடப் பேக்கேஜில் குரூப்பாகக் கொடுத்தால் கோடு அங்கங்கே அறுந்து நிற்கும். இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. டிஃப் தன் அலகைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். நோட்டில் ஓர் அரை மணி இடைவெளி இருந்தாலே விடை நிமிடத்தில் வரும். ஆகச் சிறிய இடைவெளி 2 மணி என்றால் மணியில் வரும். நிமிடத்தில் வந்துவிட்டால், நீங்கள் 12 என்று எழுதியது 12 நிமிடமாகிக் கோடு துண்டு துண்டாகப் போகும். அலகு மணி என்று சொல்லி எண்ணாக மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள்.

படம் சரியாக வந்த பிறகும் சராசரி ஏமாற்றும். ஒரு நாள் கணக்கை எடுத்துக்கொள்வோம், ஆயிரம் லிட்டரில். காலை 6 மணிக்கு 40. மதியம் 2க்கு 32. மாலை 6க்கு 12, 6:30க்கு 10, 7க்கு 8. பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் ஒன்று வந்து இறக்க, 7:30க்கு 20. மறுநாள் காலை 6க்கு 16. ஏழையும் கூட்டி வகுத்தால் 19.7. ஆனால் சம்ப் வற்றும்போதுதானே வாட்ச்மேன் அடிக்கடி எட்டிப் பார்த்தார்? தாழ்ந்த அளவுகள் எண்ணிக்கையில் அதிகம், அவை நீடித்த நேரமோ கொஞ்சம். அடுத்தடுத்த இரண்டு அளவுகளின் சராசரியை அவற்றின் இடைவெளி மணியால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் 582. 24 மணியால் வகுத்தால் 24.25. நாலாயிரத்து ஐந்நூறு லிட்டருக்கு மேல் வித்தியாசம். நகரும் சராசரி போடுகிற ரோல்மீனும் இதே கோளாறு கொண்டது: 7 என்று கொடுத்தால் ஏழு நாள் அல்ல, ஏழு புள்ளி.

சம்ப் அளவோடு போர்வெல் நீர்மட்டத்தையும் ஒரே படத்தில் பார்க்க ஆசை வரும். இரண்டையும் மெர்ஜ் செய்து, எல்லா நேரமும் வேண்டும் என்று கொடுத்துக் கோடு வரைந்தால், படம் காலியாக வரக்கூடும். இரண்டும் வெவ்வேறு நேரத்தில் அளந்தவை. ஆகவே ஒவ்வொரு புள்ளிக்கும் இருபுறமும் என்ஏ, அதாவது அளவு இல்லை என்ற குறி, கோடு இழுக்க அடுத்த புள்ளி இல்லை. இரண்டையும் தனித்தனியாக வரைவது நல்லது. நிரப்பித்தான் ஆக வேண்டும் என்றால், இடைப்பட்டதை ஊகித்து நிரப்புகிற என்ஏ.அப்ராக்ஸ், ஆனால் அதிலுள்ள மேக்ஸ்கேப் தொடர்ந்து வருகிற என்ஏக்களின் எண்ணிக்கை, மணிக்கணக்கு அல்ல.

தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது என்று தேடுவோரும் உண்டு. வழக்கமான ஃபூரியர் முறை சம இடைவெளி கேட்கும். வானியலாளர்களுக்கு மேகமும் பகலும் குறுக்கிடுவதால் இந்தத் தொல்லை பழகியது. லோம்ப் 1976இலும் ஸ்கார்கிள் 1982இலும் எழுதிய முறை அவர்களுக்காகப் பிறந்தது. ஆரில் அதற்கு லோம்ப் என்றே ஒரு பேக்கேஜ் இருக்கிறது. அது தருகிற வரைபடத்தில் 24 மணியில் ஒரு சிகரம் வந்தால், அளந்த மணிகளை மட்டும் எடுத்து ஒரு ஹிஸ்டோகிராம் போட்டுப் பாருங்கள். எல்லாம் காலை 6 மணியையே சுற்றிக் கிடந்தால், அந்தச் சிகரம் வாட்ச்மேனின் ஷிஃப்டாகவும் இருக்கலாம்.