பந்து இறங்கும் கோணமும் பயிற்சிக் கருவியும்

கூடைப்பந்து வளையத்தின் விட்டம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர். ஆண்கள் ஆடும் பந்தின் விட்டம் ஏறத்தாழ 24. ஆனால் செங்குத்தாக விழும் பந்துக்குத்தான் இந்த 45 சென்டிமீட்டரும் முழுமையாகக் கிடைக்கும். சாய்ந்து வரும் பந்துக்கு வளையம் நீள்வட்டமாகக் குறுகிவிடுகிறது. கிடைமட்டத்துக்கு 45 டிகிரியில் இறங்கும் பந்துக்கு 32 சென்டிமீட்டரும், 38 டிகிரியில் வரும் பந்துக்கு 28 சென்டிமீட்டரும் மட்டுமே திறந்திருக்கும். 30 டிகிரியிலோ திறப்பு பந்தைவிடச் சிறியது. விளிம்பில் உரசாமல் அது உள்ளே போகாது.

ஃப்ரீ த்ரோ (யாரும் மறிக்காமல் எறியும் வாய்ப்பு) கோட்டில் நிற்கும் ஒரு மாணவரைப் பாருங்கள். பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்புகிறது. விசை போதவில்லை என்று எண்ணி, அடுத்த முறை அதே தட்டையான பாதையில் இன்னும் வேகமாக எறிகிறார். இப்போது பின்விளிம்பில் படுகிறது. பிழை கோணத்தில் இருப்பது அவருக்குத் தெரிய வழியில்லை. வளையத்துக்கு மேலே பொருத்திய கேமரா, ஒவ்வொரு படச்சட்டத்திலும் பந்தின் இடத்தைக் குறித்து, அப்புள்ளிகளைப் பரவளைவாக இணைத்து, இறங்குகோணத்தைச் சில நொடிகளில் சொல்லிவிடுகிறது. கையில் கட்டும் சென்சார், முழங்கை நீளும் வேகத்தையும் மணிக்கட்டு மடங்கும் தருணத்தையும் அளந்து, அந்தக் கோணம் எப்படி உண்டானது என்பதைக் காட்டுகிறது. பார்வையையும் அளக்கலாம்: திறமையான ஆட்டக்காரர்கள் எறிவதற்கு முன் வளையத்தின் மீது கண்ணை நீண்ட நேரம் நிலைநிறுத்துகிறார்கள் என்பதை 1996-இல் கனடாவின் கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர் ஜோன் விக்கர்ஸ் பதிவு செய்தார்.

பல்கலைக்கழக வயதில் எறியும் முறை ஏற்கெனவே உடலில் ஊறியிருக்கும். வகுப்புகளுக்கிடையே பயிற்சிக்குக் கிடைக்கும் நேரமும் குறைவு. அதனால் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, ஒவ்வொரு எறிதலிலிருந்தும் சரியான தகவலைப் பெறுவதே முக்கியம் என்று கருதுகிறேன்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு எறிதலுக்கும் கருவி பதில் சொன்னால் அன்றைய பயிற்சியில் முன்னேற்றம் தெரியும். கருவியை எடுத்துவிட்டால் அந்த முன்னேற்றம் தேய்ந்துவிடக்கூடும். கை தந்த உணர்வை மூளை தானே எடைபோடாமல் திரையை நம்பத் தொடங்குவதே காரணம் என்று உடலியக்கக் கற்றல் ஆய்வாளர்கள் சால்மோனி, ஷ்மிட், வால்டர் ஆகியோர் 1984-இல் விளக்கினர். ஆகவே நல்ல பயிற்சியாளர் முதல் நாட்களில் அடிக்கடியும், பின்னர் ஐந்து எறிதலுக்கு ஒருமுறையும் மட்டுமே அளவைக் காட்டுவார். காட்டுவதற்கு முன், "இப்போது எத்தனை டிகிரி இருந்திருக்கும்?" என்று மாணவரையே கேட்பார். அவர் சொல்லும் எண்ணும் கேமரா சொல்லும் எண்ணும் நெருங்கி வரத் தொடங்கும்போது, திரையை அணைத்துவிடலாம்.