மேட் லிப்ஸ்டிக்கைப் புறங்கையில் சோதிக்காதீர்கள்

ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டால், கடலூரில் தோல் மருத்துவம் பார்க்கும் எவரிடமும் ஒரு குறிப்பிட்ட வகை நோயாளி வரத் தொடங்கிவிடுவார்: கையில் மருதாணி இன்னும் மங்காத, துப்பட்டாவின் முனையால் வாயை மறைத்தபடி உட்காரும் புதுமணப்பெண். இந்த வாரம் வந்தவருக்குத் திருவந்திபுரத்தில் திருமணம் முடிந்து நான்கே நாள் ஆகியிருந்தது. இரண்டு உதடுகளும் வீங்கி, நடுவில் வெடித்து, ஓரத்தில் பழுப்பு நிறக் கோடு விழத் தொடங்கியிருந்தது. பூசியிருந்தது மேட் லிப்ஸ்டிக், அதாவது பளபளப்பில்லாமல் காய்ந்து படியும் உதட்டுச் சாயம். சோதித்துப் பார்க்காமலா வாங்கினீர்கள் என்று கேட்டேன். “கடையிலேயே கையில போட்டுப் பார்த்துத்தான் டாக்டர் வாங்கினேன், ஒண்ணுமே ஆகலை” என்றார். உடன் வந்த தாயார், சோப்புப் போட்டுத் தேய்த்தும் அந்தச் சாயம் போகவில்லை என்பதை அப்போதும் அதன் தரத்துக்குச் சான்றாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தப் பதிலை இந்தப் பருவத்தில் மட்டுமே பலரிடம் கேட்டுவிட்டேன் என்பதால் இதை எழுதுகிறேன்.

புறங்கையில் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பதால் தெரிவது ஒன்றே ஒன்றுதான், அது நிறம். அந்த நிறமும் உங்கள் உதட்டின் இயல்பான நிறத்தின் மேல் எப்படித் தெரியும் என்பதை அது முழுமையாகச் சொல்லாது. மற்றபடி, அந்தச் சாயம் எவ்வளவு நேரம் நிற்கும், உதட்டை உலர்த்துமா, எரியுமா, ஒவ்வாமை தருமா என்ற கேள்விகளில் ஒன்றுக்கும் புறங்கையால் விடை தர இயலாது. உதட்டின் சிவந்த பகுதியில் மேல்தோலின் வெளிப்படலம் மிக மெல்லியது; அங்கே வியர்வைச் சுரப்பி இல்லை, ரோமம் இல்லை, எண்ணெய்ச் சுரப்பியும் பெரும்பாலும் இல்லை. தன்னைத் தானே ஈரமாக வைத்துக்கொள்ளும் வசதி இல்லாத அந்தத் தோல், முகத்தின் மற்ற இடங்களைவிட வேகமாக நீரை இழக்கிறது. புறங்கை அப்படிப்பட்டதன்று, நாள் முழுவதும் வெயிலையும் சோப்பையும் பாத்திரம் துலக்கும் பொடியையும் தாங்கிப் பழகியது அது. அது பேசுவதில்லை, சாப்பிடுவதில்லை, எச்சில் படுவதில்லை, நிமிடத்துக்குப் பலமுறை விரிந்து சுருங்குவதுமில்லை. அதன் மேல் இட்ட கோடு மாலைவரை அழியாமல் இருந்தது என்பதை வைத்து உதட்டைப் பற்றி என்ன முடிவுக்கு வர முடியும்?

இதைவிடப் பெரிய பிழை நேரக் கணக்கில் இருக்கிறது. புதுச்சேரி நேரு வீதியில் குளிரூட்டப்பட்ட கடை ஒன்றில் நின்று, இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, டிஷ்யூவால் துடைத்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லை என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். ஒவ்வாமை இரண்டு நிமிடத்தில் வருவதன்று. ஏற்கெனவே ஒரு பொருளுக்கு உடல் பழகி எதிர்ப்பை வளர்த்துக்கொண்டிருந்தால்கூட, அது தோலில் தெரிய 24 முதல் 72 மணி நேரம் ஆகலாம். முதன்முறை அறிமுகமாகும் பொருளென்றால் அந்த எதிர்ப்பு உருவாகவே இரண்டு வாரமோ அதற்கு மேலோ பிடிக்கும். எந்தப் பொருள் ஒவ்வாமை தருகிறது என்று அறிய நாங்கள் முதுகில் ஒட்டிச் செய்யும் பேட்ச் டெஸ்ட்டை 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, 96 மணி நேரத்தில் மறுபடியும் பார்ப்பது இந்தக் காரணத்துக்காகத்தான். உடனே எதுவும் நேரவில்லை என்பது, இன்னும் எதுவும் நேரவில்லை என்பதற்கு மேல் எதையும் உறுதி செய்யாது.

அடுத்ததாக, இறுக்கினால்தான் நிற்கும் என்றொரு நம்பிக்கை. நீர்ம மேட் சாயங்களில் ஐசோடோடெக்கேன் போன்ற எளிதில் ஆவியாகும் கரைப்பான் இருக்கும்; அது பறந்ததும் சிலிக்கோன் பிசினும் நிறமிகளும் சேர்ந்து ஒரு படலமாக உதட்டில் படியும். அது காயும் முதல் சில நிமிடங்களில் லேசான இறுக்கம் தெரிவது இயல்பே. அரை மணி நேரம் கடந்தும் அந்த இறுக்கம் கூடிக்கொண்டே போனாலோ, எரிந்தாலோ, அரித்தாலோ, அது சாயம் நன்றாகப் பிடித்திருப்பதன் அடையாளம் அன்று; உதடு தாங்கவில்லை என்பதன் அடையாளம். பெட்டியில் 12 மணி, 16 மணி, 24 மணி என்று அச்சிட்டிருப்பதெல்லாம் நிறம் நிற்கும் நேரம். உதடு தாங்கும் நேரத்தை எந்தப் பெட்டியும் உங்களுக்குச் சொல்லாது. அதை நீங்கள்தான் கண்டறிய வேண்டும்.

ஆகவே சோதனையை உதட்டிலேயே செய்யுங்கள். திருமணத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே செய்யுங்கள். முன்பு தலைச்சாயத்துக்கோ கவரிங் நகைக்கோ வாசனைத் திரவியத்துக்கோ ஒவ்வாமை வந்தவர்களாக இருந்தால், அதற்கும் முன்னதாக முழங்கையின் உட்மடிப்பில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு, காலையும் மாலையும், ஒரு வாரம் தொடர்ந்து தடவிப் பாருங்கள். அங்கே சிவந்தால் உதடுவரை கொண்டுபோகவே வேண்டாம். இதே பொருளை நீங்களாகவே பிளாஸ்திரிக்கு அடியில் வைத்து மூடிச் சோதிக்க முயல வேண்டாம். ஆவியாகும் கரைப்பான் உள்ளவற்றை நாங்களே முழுதும் உலரவிட்ட பிறகுதான் மூடுகிறோம். ஈரமாக மூடினால் ஒவ்வாமையே இல்லாதவருக்கும் தோல் வெந்ததுபோல் ஆகிவிடும்.

உதட்டில் சோதிக்கும் நாள் ஓய்வு நாளாக இருக்கக் கூடாது. வீட்டில் மின்விசிறிக்குக் கீழே அமர்ந்து சோதித்த சாயம், கடற்காற்றின் புழுக்கத்தில் மேலுதடு வியர்க்கும்போது எப்படி இருக்கும் என்பதைச் சொல்லாது. பேருந்தில் போய், வேலையில் பேசி, வெயிலில் நடந்து திரும்பும் ஒரு சாதாரண நாளைத் தேர்ந்தெடுங்கள். உதடு வெடிப்போ தோலுரிதலோ இல்லாமல் இருக்க வேண்டும். லிப் பாம் தடவிப் பத்து நிமிடம் கழித்து அதைத் துடைத்துவிட்டு, ஒரே ஒரு மெல்லிய பூச்சு இடுங்கள். அது முழுதும் காயும்வரை உதடுகளை ஒன்றோடொன்று அழுத்தாதீர்கள். இரண்டாவது, மூன்றாவது பூச்சு என்று ஏற்றிக்கொண்டே போனால் நிறம் கூடுதல் நேரம் நிற்காது, படலம் தடித்து, வெடித்து, பொடியாக உதிரத்தான் செய்யும்.

சாப்பிடாமல் செய்யும் சோதனை சோதனையே அன்று. இந்தப் படலம் தண்ணீருக்கு அசையாது, எண்ணெய்க்கு இளகிவிடும். காபி குடித்துப் பார்த்தேன், கோப்பையில் ஒட்டவில்லை என்று மகிழ்கிறார்கள். அந்தப் பெண்ணே முகூர்த்தம் முடிந்து பந்தியில் நெய் ஊற்றிய பருப்பும் வடையும் சாப்பிட்டு எழும்போது உதட்டின் உள்விளிம்பில் நிறம் போய், வெளிவிளிம்பில் மட்டும் கோடாக நிற்கிறது. உடனே யாராவது அதன் மேலேயே மறுபடியும் பூசிவிடுகிறார்கள். சோதிக்கும் நாளில் நல்லெண்ணெய் மிதக்கும் மீன் குழம்பையோ பூரியையோ சாப்பிட்டுவிட்டுக் கண்ணாடியைப் பாருங்கள். உள்விளிம்பு மட்டும் கரைந்திருக்கிறதா, சமமாக மங்கியிருக்கிறதா, திட்டுத் திட்டாக உரிகிறதா என்று கவனியுங்கள். சமமாக மங்கும் சாயத்தைத் திருத்திக்கொள்ளலாம். திட்டாக உரிவதைத் திருத்த முடியாது. முழுதும் எடுத்துவிட்டுத்தான் மறுபடியும் போட வேண்டும்.

உதடு எப்படி உணர்கிறது என்பதைப் போட்ட ஒரு மணி நேரத்திலும், சாப்பாட்டுக்குப் பின்னும், நான்காவது மணி நேரத்திலும், எடுக்கும் முன்பும் குறித்துக்கொள்ளுங்கள். இறுக்கம், எரிச்சல், அரிப்பு ஆகியவற்றோடு இன்னொன்றையும் எழுதுங்கள்: நாக்கு எத்தனை முறை உதட்டைத் தேடிப் போகிறது என்பதை. நான் நோயாளிகளிடம் முதலில் கேட்கும் கேள்வியே இதுதான். தன் உதடு உலர்ந்திருக்கிறது என்பதை ஒருவர் உணரும் முன்பே நாக்கு அங்கே போய்விடும்; எச்சில் காயக் காய உதடு இன்னும் உலரும், உலர்ந்ததால் மறுபடியும் நக்கத் தோன்றும். நாள் முழுவதும் நாக்கை இழுக்கும் சாயம், எவ்வளவு அழகாக நின்றாலும், உங்களுக்கு உரியதன்று.

சாயத்தை எடுப்பதும் சோதனையில் சேர்ந்தது. உண்மையில் நான் பார்க்கும் புண்ணான உதடுகளில் கணிசமானவை சாயத்தால் மட்டும் ஆனவை அல்ல, அதை எடுக்கும்போது தேய்த்த தேய்ப்பாலும் ஆனவை. ஈரத் துண்டாலும் சோப்பாலும் தேய்க்காதீர்கள், நகத்தால் உரிக்கவே உரிக்காதீர்கள். தேங்காய் எண்ணெயில் நனைத்த பஞ்சை உதட்டின் மேல் ஒரு நிமிடம் அப்படியே வைத்திருந்து, பிறகு மெல்ல ஒற்றி எடுங்கள். போகவில்லையென்றால் புதுப் பஞ்சை எடுத்து மறுபடியும் வையுங்கள். மூன்று முறை இப்படிச் செய்தும் அசையாத சாயத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதன் பிறகு மறுநாள் காலை உதட்டைப் பாருங்கள், அன்றும் அதே சாயத்தைப் போடுங்கள். நம் ஊர்த் திருமணங்களில் முந்தைய நாள் மாலை வரவேற்பு, மறுநாள் விடியலில் முகூர்த்தம். இரவு பதினொரு மணிக்கு அவசரமாகத் தேய்த்து எடுத்த உதட்டின் மேல், சரியாகத் தூங்கக்கூட நேரமில்லாமல், அதிகாலை மூன்று மணிக்கு அதே சாயம் மறுபடியும் ஏறுகிறது. தண்ணீரும் குறைவாகவே குடித்திருப்பார்கள். முதல் நாள் தாங்கிய உதடு இரண்டாம் நாளும் தாங்குகிறதா என்பதே நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. பார்லரில் டிரையல் மேக்கப் செய்யும்போது இந்த இரு நாள் கணக்கை யாரும் செய்து பார்ப்பதில்லை. ஒரு மணி நேரத்தில் புகைப்படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறீர்கள். டிரையலில் போட்ட அதே சாயத்தைத் திருமணத்தன்றும் போடும்படி ஒப்பனைக் கலைஞரிடம் உறுதியாகக் கேளுங்கள். ஒரே தூரிகையைக் குழாயில் தோய்த்துத் தோய்த்துப் பல பெண்களின் உதட்டில் வைப்பவரிடம், சிறு கரண்டியால் தனியே எடுத்துப் பயன்படுத்தச் சொல்லுங்கள். இதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். வாய் ஓரக் கொப்புளங்களைத் தரும் ஹெர்பிஸ் வைரஸ் இப்படிப் பரவக்கூடியது. கடையில் பொதுவாக வைத்திருக்கும் டெஸ்டரை நேராக உதட்டில் வைக்கவே கூடாது.

பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர்கள், தயவுசெய்து அந்தக் காலம் முழுவதும் மேட் சாயத்தை மறந்துவிடுங்கள். அந்த மருந்து ஏறக்குறைய எல்லோருடைய உதட்டையும் உலர்த்தும். திருமணத் தேதி தெரிந்தவுடன் மருத்துவரிடம் சொல்லிவிட்டால், சிகிச்சையை எப்படி வகுப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம்.

இயற்கைப் பொருள் என்று எழுதியிருப்பதைக் காட்டி வாதாடுபவர்களுக்கு ஒரு சொல்: உதட்டுச் சாயத்தில் ஒவ்வாமை தரும் பொருள்களில் ஆமணக்கெண்ணெயும் உண்டு, பைன் மரப் பிசினான கொலோபனியும் உண்டு, ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லானோலினும் உண்டு. வாங்கும்போது முகப்பில் உள்ள விளம்பர வரியைவிடப் பின்பக்கத்தைப் படியுங்கள். அழகுசாதனப் பொருள்களுக்கான இந்திய விதிகளான காஸ்மெட்டிக்ஸ் ரூல்ஸ் 2020இன்படி உற்பத்தியாளரின் பெயரும் முகவரியும், உரிம எண்ணும், காலாவதி நாளும் இருக்க வேண்டும். இறக்குமதிப் பொருளென்றால் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இறக்குமதியாளரின் முகவரியும் இருக்க வேண்டும். இவை இல்லாததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

உதடு ஏற்கெனவே புண்ணாகிவிட்டதென்றால், எல்லாச் சாயத்தையும் வாசனையுள்ள எல்லா லிப் பாமையும் அன்றே நிறுத்திவிட்டு, வெறும் பெட்ரோலியம் ஜெல்லி மட்டும் தடவுங்கள். எலுமிச்சையும் சர்க்கரையும் கலந்து தேய்க்காதீர்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவாதீர்கள். இரண்டு நாளில் ஆறியதுபோல் காட்டிவிட்டு, நிறுத்தியதும் வாயைச் சுற்றிப் பொரிப் பொரியாகக் கிளப்பும், கிருமித்தொற்று இருந்தால் அதையும் வளர்க்கும். நம் தோல் நிறத்தில் அழற்சி ஆறிய பிறகும் கறுப்பு தங்கிவிடும். அது மறைய மாதங்கள் ஆகும், ஆகவே இரண்டு வாரம் பொறுத்துப் பார்க்காமல் சீக்கிரமே வாருங்கள். வரும்போது சாயத்தின் குழாயை மட்டுமன்றி, அது இருந்த அட்டைப் பெட்டியையும் கொண்டுவாருங்கள். உட்பொருள் பட்டியல் பெரும்பாலும் அந்தப் பெட்டியில்தான் இருக்கும். திருமண வீட்டில் முதலில் குப்பைக்குப் போவதும் அதுதான்.