சென்சார் வயரில் குண்டூசி குத்தாதீர்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் கார் பட்டறைக்குப் போன மாதம் ஒரு பழைய கார் வந்தது. ஓட்டி வந்தவர் தோட்டத்தில் கிராணியாக (கணக்கு எழுதும் குமாஸ்தாவாக) இருந்து ஓய்வு பெற்றவர். "தம்பி, ரேடியேட்டர் விசிறி நிக்கவே மாட்டேங்குது. பெட்ரோல் தண்ணியா இறங்குது. வேற இடத்துல சென்சார் ரெண்டு தடவ மாத்தியாச்சு" என்றார்.

ஸ்கேனரைச் செருகினேன். பி0118, அதாவது இன்ஜின் தண்ணீரின் சூட்டைச் சொல்லும் சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு என்ற குறியீடு. இன்ஜின் தண்ணீரின் சூட்டைப் பார்த்தால் மைனஸ் 40 டிகிரி என்கிறது. மத்தியான வெயில், பானட்டில் கை வைக்க முடியவில்லை. சரியான சூடு தெரியாததால் இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் (இசியு) பாதுகாப்புக்கு விசிறியை ஓடவிட்டு, பெட்ரோலையும் கூட்டி ஊற்றியிருக்கிறது.

மைனஸ் 40 காட்டினால் ஒன்று சென்சார் உள்ளே அறுந்திருக்கும், அல்லது வயர் அறுந்திருக்கும். எது என்று பார்க்க சாக்கெட்டைக் கழற்றி, இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் சேர்த்தேன். (இதை இரண்டு வயர் உள்ள சூடு சென்சாரில் மட்டும் செய்யலாம். மூன்று வயர் சென்சாரில் செய்தால் 5 வோல்ட்டும் எர்த்தும் முட்டிக்கொள்ளும்.) வயர் நன்றாக இருந்தால் எண் நூறைத் தாண்டிப் பாய வேண்டும். அது அசையவில்லை. அப்படியென்றால் கோளாறு சென்சாரில் இல்லை.

செம்பனைத் தோட்டத்துப் பக்கம் நிறுத்தும் கார் என்றால் எனக்கு முதல் சந்தேகம் எலி மேல்தான். டேப்பைப் பிரித்துப் பார்த்தேன், இந்த முறை எலி நிரபராதி. ஒரு சாண் நீளத்துக்குள் ஆறு ஊசித் துளைகள். யாரோ குண்டூசியைக் குத்தி டெஸ்ட் லேம்ப் (மின்சாரம் வருகிறதா என்று பார்க்கும் பல்பு) வைத்துப் பார்த்திருக்கிறார். ஒரு துளையைச் சுற்றி உறை உப்பியிருந்தது. நகத்தால் அமுக்கினேன், பச்சைக் களிம்பு மாவாக உதிர்ந்தது. உள்ளே செம்பு இற்றுப்போயிருந்தது. நம் ஊர் மழைக்கும் ஈரத்துக்கும் ஊசி முனை அளவு வழி போதும்.

குத்தியவரைத் திட்ட எனக்கு வாயில்லை. பட்டறை திறந்த புதிதில் நானும் அதையேதான் செய்தேன். ஒரு காரில் திராட்டல் சென்சாரின் (ஆக்சிலேட்டரை மிதித்தால் காற்று வழி எவ்வளவு திறக்கிறது என்று சொல்வது) எர்த் வயரைத் தேடி, டெஸ்ட் லேம்பின் கிளிப்பை பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, மூன்று வயரையும் ஒவ்வொன்றாகத் தொட்டேன். 5 வோல்ட் வயரில் பல்பு வழியாக 12 வோல்ட் ஏறிவிட்டது. இன்ஜின் அப்படியே அணைந்தது, மறுபடி எழுந்திருக்கவில்லை. ஹாஃப்கட் கடையில் (பழைய கார் பாகங்கள் விற்கும் கடை) பழைய இசியு தேடிப் பிடித்து 450 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன், சொந்தக் காசு.

டெஸ்ட் லேம்ப் எரிய மின்சாரம் குடிக்க வேண்டும். 3 வாட் பல்பு 12 வோல்ட்டில் கால் ஆம்பியர் இழுக்கும், குளிர்ந்த பல்பு எரியத் தொடங்கும் நொடியில் அதைவிட அதிகம். சென்சாருக்கு இசியு கொடுப்பது 5 வோல்ட், அதுவும் சில மில்லி ஆம்பியர் கணக்கில். அங்கே பல்பை மாட்டினால் வோல்ட் சரிந்துவிடும். அதே 5 வோல்ட்டைப் பகிர்ந்துகொள்ளும் மற்ற சென்சார்களும் சேர்ந்து உளறும், நாம் இல்லாத கோளாறைத் தேடி அலைவோம். டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம். 5 வோல்ட்டில் அது எடுப்பது அரை மைக்ரோ ஆம்பியர். அது அளப்பது இசியுவுக்குத் தெரியக்கூட தெரியாது.

அதற்காக டெஸ்ட் லேம்பைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை, என்னுடையது இன்னும் டிராயரில்தான் இருக்கிறது. ஹார்ன், ஹெட்லைட், ஃபியூஸ் பெட்டி ஆகியவற்றுக்கு அதுதான் நல்லது. பத்து இழையில் ஒன்பது அறுந்த வயரில்கூட மீட்டர் 12 வோல்ட் என்று பெருமையாகக் காட்டும். பல்புதான் மங்கி உண்மையைச் சொல்லும். இந்த விஷயத்தில் விலை உயர்ந்த மீட்டரை மட்டும் நம்பிய பையன்கள் நிறைய பேர் ஏமாந்திருக்கிறார்கள்.

குண்டூசிக்கு வருகிறேன். வயரைக் குத்தாமலே அளக்கலாம். சாக்கெட்டைக் கழற்றாமல், பின்பக்கம் வயர் நுழையும் இடத்தில் மீட்டரின் மெல்லிய புரோப் முனையைச் செருகினால் போதும். முன்பக்கத்து ஓட்டையில் பேப்பர் கிளிப்பைத் திணித்தால் உள்ளே இருக்கும் தகடு விரிந்துவிடும். அப்புறம் மேடு பள்ளத்தில் மட்டும் வந்து போகும் கோளாறு, பிடிக்கவே முடியாது. எர்த்தையும் அளந்து பாருங்கள். இன்ஜின் ஓடும்போது கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில், சிவப்பு முனை சென்சார் எர்த் வயரில். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தில் எங்கோ களிம்பு.

மஞ்சள் சாக்கெட் மட்டும் தனிக் கதை. பெரும்பாலும் அது ஏர்பேக். அங்கே பல்பும் வேண்டாம், ஓம்மில் வைத்த மீட்டரும் வேண்டாம். மீட்டர் அனுப்பும் சிறு மின்சாரமே வெடிக்க வைத்துவிடலாம். என் பட்டறையில் அந்த வேலையை எடுப்பதே இல்லை. கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிவிடுவேன்.

கிராணி ஐயாவின் காரில் இற்ற பகுதியை வெட்டி, புது வயர் வைத்து ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடினேன். ஸ்கேனரில் 88 டிகிரி வந்தது, விசிறி நின்றது.

அவர் டேஷ்போர்டைத் திறந்து, கழற்றிய பழைய சென்சார்கள் இரண்டையும் எடுத்து நீட்டினார். பக்கத்துக் கடையில் ஒரு கிளாஸ் சுடுதண்ணீர் வாங்கி வரச் சொன்னேன். வெளியே இருக்கும்போது மீட்டரில் 1.7 கிலோ ஓம், தண்ணீரில் முக்கியதும் மளமளவென்று இறங்கி 330 ஓம்மில் நின்றது. இரண்டாவதும் கிட்டத்தட்ட அதேதான். சூடு ஏற ஏற ஓம் இறங்குவதுதான் இந்தச் சென்சாருக்குச் சரி.

"அப்ப ரெண்டுமே நல்லாத்தான் இருக்கா?" என்றார். இரண்டையும் துடைத்துத் தாளில் சுற்றி மறுபடி டேஷ்போர்டிலேயே வைத்துக்கொண்டார்.