பித்தக் குழாய் ஸ்டென்ட்: கோட்டிங் இருந்தாலும் மூன்று மாதம்தான்

போன வாரம் ஒரு அம்மாவை அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்தார்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், கண்ணெல்லாம் மஞ்சள், ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. பித்தக் குழாய்க் கல்லுக்காக வேறொரு மருத்துவமனையில் பிளாஸ்டிக் ஸ்டென்ட் (பித்தநீர் வடிவதற்கான சின்னக் குழாய்) வைத்து 14 மாதம் ஆகியிருந்தது. மூன்று மாதத்தில் மாற்றியிருக்க வேண்டியது. ஏன் மாற்றவில்லை என்று மகனிடம் கேட்டேன். "அது கோட்டிங் போட்டது சார், கிருமியே அண்டாதாம்" என்றார். இந்த வருஷம் இதே பதிலைக் கேட்பது எனக்கு நான்காவது முறை.

அன்றிரவே இ.ஆர்.சி.பி. (வாய் வழியாக எண்டோஸ்கோப்பை விட்டுப் பித்தக் குழாயை எட்டும் சிகிச்சை) செய்து ஸ்டென்ட்டை எடுத்தோம். விரல் நீளக் குழாய்; வெளி விட்டமே 3.3 மி.மீ.தான். பச்சைத் துணியில் வைத்து நீளவாக்கில் கீறினேன். உள்ளே காபித்தூள் நிறத்தில் கெட்டியான சேறு. நடுவே கீரைத் தண்டின் நார் போல ஓர் இழை. குடல் பக்கம் திறந்திருக்கும் குழாய்க்குள் சாப்பாடும் ஏறும், கிருமியும் ஏறும்.

இதய ஸ்டென்ட்டையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதி வினை. இதயத்தில் வைப்பது உலோக வலை. அதில் தடவிய மருந்து, ரத்தக் குழாயின் திசு அளவுக்கு மீறி வளராமல் தடுக்கிறது. நாளடைவில் ரத்தக் குழாயின் உள்சவ்வே வலையை மூடிக்கொள்ளும். அது உள்ளேயே இருக்க வேண்டியது. பித்தக் குழாயில் வைக்கும் பிளாஸ்டிக் ஸ்டென்ட் அப்படி உடம்போடு ஒட்டாது. அது தற்காலிக வடிகால், அவ்வளவுதான். இரண்டுக்கும் பெயர் ஒன்று, வேலை வேறு.

சரி, கோட்டிங் என்னதான் செய்கிறது? வெள்ளி, ஆன்டிபயாடிக், வழவழப்பான பூச்சு என்று பலவும் முயன்று பார்த்திருக்கிறார்கள். ஆய்வகத் தட்டில் கிருமி குறைகிறது, உண்மை. ஆனால் உடம்புக்குள் பித்தநீரில் உள்ள புரதம் முதலில் பூச்சின் மேலேயே படிந்துவிடும். அந்தப் படலத்தின் மேல் கிருமி குடியேறும். கிருமியின் நொதிகள் பிலிருபினை (பித்தநீரின் மஞ்சள் நிறமி) பிரித்து, கால்சியத்தோடு சேர்த்துச் சேறாக்கிவிடும். பூச்சில் இருக்கும் ஆன்டிபயாடிக்கும் கரைந்து தீர்ந்துவிடும். நோயாளிகளிடம் சோதித்தபோது, மாற்றும் தேதியைத் தள்ளிப்போடும் அளவுக்குப் பலன் நிரூபணமாகவில்லை. ஆராய்ச்சி நடக்கட்டும், எனக்கும் அதில் ஆசை உண்டு. அதுவரை கணக்கு மூன்று மாதம்தான்.

இன்னொன்று. ஸ்டென்ட் உள்ளவருக்குக் கண் மஞ்சளானால் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். தயவுசெய்து. அடைத்த குழாயை எந்த மூலிகையும் திறக்காது. காய்ச்சலும் நடுக்கமும் இருந்தால் விடியட்டும் என்று பார்க்காதீர்கள், கிளம்புங்கள். வலி இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறார் என்பதெல்லாம் ஸ்டென்ட் திறந்திருப்பதற்கு அத்தாட்சி இல்லை. உங்களுக்கு வைத்தது பிளாஸ்டிக்கா உலோகமா என்று தெரியாவிட்டால் இன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உலோகத்துக்குக் கணக்கு வேறு.

அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். கல்லை எடுக்கும் அளவுக்கு உடம்பு தேற வேண்டும் என்பதால் புது ஸ்டென்ட்தான் வைத்திருக்கிறோம். பீரோவில் பத்திரமாக இருந்த பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை மகன் கொண்டுவந்து காட்டினார். மூன்றாம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தது ஸ்டென்ட்டை மாற்ற வேண்டிய தேதி. என் ஜூனியர்களிடம் சொல்லிவிட்டேன்: இனி முதல் பக்கத்தில், தமிழில், சிவப்பு மையில் எழுத வேண்டும்.