‘புதுப்பிப்பு’ அல்ல, நிலவரம்

நகராட்சி ஒன்றில் வேலை பார்க்கும் என் அத்தை மகள், அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு கடிதத்தைப் போன வாரம் காட்டினாள். ஆணையாளர் தன் ஊழியர்களுக்கு எழுதியது. குப்பையைத் தரம் பிரிப்பது எப்படிப் போகிறது, எந்தத் தெருக்களில் குடிநீர்க் குழாய் மாற்றியாகிவிட்டது, சொத்து வரி எவ்வளவு வசூலாகியிருக்கிறது என்று உருப்படியான செய்திகள். தலைப்பு மட்டும் இப்படி: ‘தலைமைத்துவப் புதுப்பிப்பு: பணிகள் மற்றும் சேவைகள்’. “ஆணையாளரை மாத்தப்போறாங்கன்னு நெனச்சிட்டேன்” என்றாள். அவள் மேல் தப்பில்லை. தமிழ் தெரிந்த யாரும் அப்படித்தான் படிப்பார்கள்.

அப்டேட் என்றாலே ‘புதுப்பிப்பு’ என்று எழுதிவிடும் இந்தப் பழக்கம் அலுக்கும் அளவுக்கு வந்துவிட்டது.

ஆங்கிலச் சொல்லின் கதை சிறியது. ‘அப் டு டேட்’ என்பது கணக்கு எழுதுகிறவர்களின் வழக்கு என்பார்கள்: பேரேட்டை இன்றைய தேதி வரை எழுதி வைப்பது. அதிலிருந்து வினை வந்தது, பிறகு பெயர். சொல்லுக்குள் தேதிதான் இருக்கிறது, புதுமை இல்லை.

புதுப்பித்தல் வேறு வேலை. பழசானதையோ காலாவதியானதையோ மறுபடி புதியதாக்குவது. 1913இல் கட்டி முடித்த ரிப்பன் மாளிகையைப் புதுப்பித்தார்கள் என்றால் பொருள் தெளிவு. தொழில் உரிமத்தைப் புதுப்பிக்கிறோம், கடைக் குத்தகையைப் புதுப்பிக்கிறோம். உள்ளாட்சி அலுவலகத்தில் இது நாள்தோறும் புழங்கும் சொல். அதற்கென்று விண்ணப்பமும் கட்டணமும் உண்டு. அங்கே போய், செய்தி சொல்வதற்கும் அதே சொல்லை வைத்தால் குழப்பம் வராமல் என்ன செய்யும்?

சரி, தனித்தமிழ் அன்பர்கள் ‘இற்றை’ என்கிறார்களே என்று கேட்பீர்கள். எனக்குப் பிடித்த சொல் அது. ‘இன்று’ ஐகாரம் பெற்று ‘இற்றை’ ஆவது முறையான புணர்ச்சி. பாரிமகளிர் பாடிய புறநானூற்று 112ஆம் பாட்டில் ‘அற்றைத் திங்கள்’, ‘இற்றைத் திங்கள்’ இரண்டும் வருகின்றன. ‘இற்றைப் பறைகொள்வான் அன்று’ என்கிறாள் ஆண்டாள். இலங்கைத் தமிழர் ‘இற்றைக்குப் பத்தாண்டுகளுக்கு முன்’ என்று இன்றும் எழுதுகிறார்கள். அதைக் கொண்டு ‘இற்றைப்படுத்து’ என்று ஆக்கியவர்கள் அப்டேட்டின் உள்ளே இருக்கும் தேதியைச் சரியாகப் பிடித்தவர்கள். ‘புதுப்பி’யை விட அது ஆயிரம் மடங்கு மேல். மென்பொருளுக்கு அது தாராளமாக இருக்கட்டும்.

ஆனால் ஊழியர் கடிதத்தின் தலையில் ‘ஆணையாளரின் இற்றை’ என்று போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் அதைக் கேட்பவர் காதில் முதலில் விழுவது இற்றுப்போன கயிறு, இற்றுப்போன துணி. அது வேறு வேர் என்று நான் விளக்கலாம். காலை ஆறு மணிக்கு வார்டு அலுவலகத்தில் வருகைப்பதிவுக்கு நிற்கும் தூய்மைப் பணியாளருக்கு யார் போய் விளக்குவது? அவர்களுக்குப் பெயர் வைப்பதில் நாம் அக்கறை காட்டியிருக்கிறோம்; ‘துப்புரவுப் பணியாளர்’ என்றிருந்ததை அரசு 2020இல் ‘தூய்மைப் பணியாளர்’ என்று மாற்றியது. அவர்களுக்கு எழுதும் கடிதத்திலும் அந்த அக்கறை வேண்டும். இன்னொன்று: ‘இற்றை’ தனியாக நின்று பெயர்ச்சொல்லாக வருவது பழக்கத்தில் இல்லை. இற்றைத் திங்கள், இற்றைநாள் என்று இன்னொரு சொல்லையோ, இற்றைக்கு என்று ஓர் உருபையோ பற்றிக்கொண்டே வரும். ‘ஓர் இற்றை’, ‘இற்றைகள்’ என்று அதைப் பிய்த்து எடுப்பது சங்கச் சொல்லுக்கு ஆங்கிலச் சட்டை மாட்டுவது.

சிக்கலின் மூலம், ஆங்கிலம் ஒரே சொல்லால் இரண்டு காரியம் செய்கிறது என்பதில் இருக்கிறது. பதிவேட்டைத் தேதி வரை கொண்டுவருவது ஒன்று. நடப்பதைத் தெரிவிப்பது இன்னொன்று. தமிழிலும் ஒரே சொல்தான் வேண்டும் என்று யார் சொன்னது? முதலாவதற்கு நம் அலுவலகங்களில் ‘நாளதுவரை’ என்று ஒரு நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. ‘நாளதுவரை வரி செலுத்திய ரசீது’ என்று கேட்டால் எல்லாருக்கும் புரியும். அந்தச் சொல்லை விட்டுவிட்டுத்தான் இப்போது ‘தரவுப் புதுப்பிப்பு’ என்கிறோம்.

இரண்டாவதற்கு ‘நிலவரம்’. நிலைவரம் என்றும் எழுதுவார்கள்; ‘நிலை’யின் உறவு அதிலேயே தெரிகிறது. ஒரு காரியம் இந்த நேரத்தில் எப்படி நிற்கிறது என்பதே பொருள். மேட்டூர் அணை நிலவரம், மழை நிலவரம், காய்கறி விலை நிலவரம், வாக்கு எண்ணிக்கையன்று முன்னணி நிலவரம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் விளக்கம் கேட்காத சொல். நேரம் மாற மாற நிலவரமும் மாறும் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. அப்டேட் சொல்ல வருவதும் அதைத்தானே.

‘சுற்றறிக்கை’ போதாதா என்றால், போதாது. சுற்றறிக்கை வந்தால் ஏதோ செய்யச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். குறிப்பாணை வந்தால் விளக்கம் கேட்கிறார்கள் என்று பயம். ‘செயல்முறைகள்’ என்று தலைப்பிட்டு, ‘ந.க. எண்’ என்னும் கோப்பு எண்ணோடு வருவது ஆணை. எதையும் செய்யச் சொல்லாமல், யாரையும் கேள்வி கேட்காமல், நம் வேலை எங்கே வந்து நிற்கிறது என்று மட்டும் சொல்லும் கடிதம் இவை எதிலும் அடங்காது.

அப்புறம் அந்தத் ‘தலைமைத்துவம்’. தலை என்பதோடு ‘மை’ சேர்ந்து தலைமை ஆகியாயிற்று. ‘துவம்’ வடமொழியில் அதே ‘மை’யின் வேலையைச் செய்கிற விகுதி. தலைமைக்கு மேல் ஏன் இன்னொரு துவம்? எழுதியவர் யார் என்று நேராகவே போடலாம்: ‘ஆணையாளர் தெரிவிக்கும் பணி நிலவரம்’. ‘பணிகள் மற்றும் சேவைகள்’ என்ற வாலும் தேவையில்லை. குழாய் மாற்றுவது பணியா சேவையா என்று அலுவலகத்தில் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. மொழிபெயர்க்கிறவர்கள் ஆங்கிலத் தலைப்பில் நான்கு சொல் இருந்தால் தமிழிலும் நான்கைத் தேடுகிறார்கள். கடிதம் யாருக்குப் போகிறது என்று ஒரு நிமிடம் யோசிப்பதில்லை.

அத்தை மகளிடம் கேட்டேன்: மழைக்காலத்தில் ஆணையாளர் போன் செய்தால் முதலில் என்ன கேட்பார்? “அங்க நிலவரம் என்ன, தண்ணி வடிஞ்சிருச்சா?” என்றாள்.