தண்ணீர் கிடைத்துவிடும், உப்புதான் சிக்கல்

ஞாயிறு மாலை சிங்கப்பூர் தேக்காவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஊர்க்காரத் தம்பி ஒருவர் கேட்டார்: “அண்ணே, இங்க சாக்கடைத் தண்ணியவே புதுநீரா மாத்திட்டாங்க. திருப்பூர்ச் சாயத்தண்ணிய மாத்த முடியாதா?”

சவ்வு வடிகட்டி வேலையில் இருக்கிறவனிடம் எல்லோரும் கேட்பதுதான். 2002 தேசிய தின அணிவகுப்பில் கூட்டமே புதுநீர் போத்தலைத் தூக்கிக் குடித்தது. சவ்வு இருந்தால் போதும் என்ற நினைப்பு இங்கே ஊறிப்போயிருக்கிறது.

தண்ணீர் மட்டும் என்றால் போதும்தான். திருப்பூரிலும் அதே ஆர்.ஓ. சவ்வுதான் ஓடுகிறது. மிஞ்சும் உப்புநீர் எங்கே போகும்? இங்கே துவாசில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்கு வாசலிலேயே கடல். திருப்பூருக்கு நொய்யல் ஆறு ஒன்றுதான். பாசனத்துக்கென்று கட்டி 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயத்தண்ணீர் தேங்கும் குட்டையாகிப்போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகாது என்று காட்டினால்தான் திறக்கலாம்.

பருத்தி இழையோடு வினைபுரிந்து பிடிப்பது ரியாக்டிவ் சாயம். அது துணியில் ஏற உப்பு வேண்டும். கறுப்பு, கருநீலம் என்றால் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை. துணியின் எடையைப் போல எட்டு மடங்கு தண்ணீர் பிடிக்கும் மெஷினில், ஒரு கிலோ பனியன் துணிக்கு அரைக் கிலோ உப்பு ஆகிவிடும். சாயத்தைத் துணிப்பக்கம் தள்ளுவதோடு அதன் வேலை முடிந்தது. துணியில் ஒட்டாது, போட்டதெல்லாம் அலசலில் திரும்ப வந்துவிடும்.

சாதா உப்பு இல்லாமல் சோடியம் சல்ஃபேட் என்ற உப்பை மட்டும் போடும் பட்டறைக்கு வழி சுலபம். 32 டிகிரியில் 100 மில்லி தண்ணீரில் சுமார் 50 கிராம் கரையும் உப்பு, பூஜ்ஜியத்துக்குக் குளிர்ந்தால் 5 கிராம்தான் கரையும். சுண்டவைத்துக் குளிர்வித்தால் கற்கண்டு மாதிரி படிகமாக விழும். அள்ளி அடுத்த சாயத்தில் போடலாம். விலை மலிவென்று சாதா உப்பையும் சேர்த்துப் போட்டால் கடைசியில் கிடைப்பது கலப்பு உப்பு. வாங்க ஆளில்லை. மூட்டை கட்டிக் கொட்டகையில் அடுக்க வேண்டியதுதான்.

“அப்ப சாயத்தையும் மீட்கலாமா?” என்றார் தம்பி. ரியாக்டிவ் சாயம் தண்ணீரோடு வினைபுரிந்து செத்துவிடும், மறுபடி துணியில் பிடிக்காது. ஜீன்ஸுக்குப் போடும் இண்டிகோ தண்ணீரில் கரையாது என்பதால் வடிகட்டி எடுத்துவிடலாம். பளபளப்புக்காகத் துணியைக் காஸ்டிக் சோடாவில் நனைக்கும் மெர்சரைசிங்கில் வெளிவரும் நீர்த்த காஸ்டிக்கையும் சுண்டவைத்துத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். நல்ல காசு மிச்சம்.

எனக்குப் பாடம் கிடைத்தது ஓர் ஆலையில். சாயத்தண்ணீர்க் குழாய்க்கு நானோ வடிகட்டி என்ற சவ்வு வைத்தோம். நாலாவது நாளே அழுத்தம் ஏறிவிட்டது. அமிலம், காரம், வெந்நீர் எதற்கும் அசையவில்லை. சவ்வைக் கிழித்துப் பார்த்தால் பிசுபிசுவென்று சிலிகான். துணியை மெதுவாக்கப் போடும் சாஃப்ட்னர் தண்ணீரை யாரோ அதே குழாயில் இணைத்திருந்தார்கள். வரைபடத்தில் அந்த இணைப்பே இல்லை. வரைபடத்தை நம்பிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

இப்போதெல்லாம் ஒரு பட்டறைக்குப் போனால் சுத்திகரிப்பு நிலையத்தைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன். முதலில் மெஷினுக்கு அடியில் குனிந்து, எந்தக் குழாய் எதில் சேருகிறது என்று கையால் தடவிக்கொண்டே போகிறேன். முழங்கால்தான் வலிக்கிறது.