மருந்துக் கடைப்பிடிப்பு: ஒரு சொல் விளக்கம்

மருத்துவர் எழுதித் தந்த மருந்தைச் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில், சொன்ன நாள்வரை எடுத்துவருவதை மருந்தியலில் அட்ஹியரன்ஸ் என்பார்கள். தமிழில் மருந்துக் கடைப்பிடிப்பு.

இலங்கையின் வடக்கே வன்னியில் கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்பு, வவுனியா என்று எந்த அரச ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் நாளில் போனாலும், மருந்து கொடுக்கும் யன்னலில் இந்தச் சொல் காதில் விழாது. "குளிசை ஒழுங்காப் போடுறியளோ அம்மா?" என்பதுதான் கேள்வி. குளிசை என்பது மாத்திரை. "ஓம் பிள்ளை" என்பதுதான் பதில். பின்னால் வரிசை நிற்கிறது, அதற்குமேல் பேச இருவருக்கும் நேரமில்லை. அந்த மாத மருந்தின் பலன் பெரும்பாலும் அந்த 'ஓம்' எவ்வளவு உண்மை என்பதில் தங்கியிருக்கிறது. வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோயாளரில் சராசரியாக 50 வீதமானோர்தான் மருந்தைச் சரியாக எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003ஆம் ஆண்டு அறிக்கையில் எழுதியது.

இதற்கு முதலில் வழங்கிய பெயர் கொம்ப்ளயன்ஸ். 'நிரப்பு, முழுமையாக்கு' என்று பொருள்படும் இலத்தீன் வினையில் பிறந்து, ஸ்பானியம், இத்தாலியம் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, 'இணங்கிப் போதல்' என்ற பொருளில் நிலைத்த சொல் இது. 1970களில் கனடாவில் சாக்கெட், ஹேன்ஸ் என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் இதை ஆராய்ச்சிச் சொல்லாக்கினார்கள். நோயாளியின் நடத்தை மருத்துவ ஆலோசனையோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதே அவர்கள் கொடுத்த வரையறை. ஆலோசனை மேலிருந்து வரும், நோயாளி பொருந்திப் போகவேண்டும். அந்த வாடை பலருக்குப் பிடிக்கவில்லை.

அதனால் 'ஒட்டிக்கொள்' என்ற இலத்தீன் வேரிலிருந்து வந்த அட்ஹியரன்ஸ் முன்னுக்கு வந்தது. 2003 அறிக்கை பழைய வரையறையை எடுத்துக்கொண்டு, 'ஒப்புக்கொண்ட' ஆலோசனை என்று ஓர் அடைமொழியைச் சேர்த்தது. சின்ன மாற்றம்தான், ஆனால் நோயாளியிடம் கேட்காமல் கொடுத்த மருந்தை அவர் போடவில்லையென்றால் குறையை அவர் தலையில் மட்டும் கட்டமுடியாது என்றாகிவிட்டது. இதற்கிடையில், 1997இல் பிரித்தானிய மருந்தாளர் சங்கம் கொன்கோடன்ஸ் என்று மூன்றாவது சொல் ஒன்றை முன்வைத்தது. அதன் உள்ளே இருப்பது இதயத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல், மனம் ஒத்துப்போதல் என்று கருத்து. தமிழில் உடன்பாடு என்றால் போதும். இது மருத்துவரும் நோயாளியும் பேசி முடிவெடுக்கும் முறைக்குப் பெயர், மருந்து எடுப்பதற்குப் பெயராக இதை வைப்பது சரிவராது.

தமிழில் இணக்கம், கீழ்ப்படிவு, பின்பற்றல், பற்றுறுதி என்று ஆளுக்கொன்று எழுதுகிறார்கள். இணக்கம் கொம்ப்ளயன்ஸுக்குப் பொருந்தும். கீழ்ப்படிவை பள்ளிக்கூடத்துக்கே விட்டுவிடலாம். என் தெரிவு கடைப்பிடிப்பு. கடை என்றால் முடிவு, கடைசிவரை பிடிப்பது கடைப்பிடி. காசநோய்க்கு ஆறு மாத மருந்து எழுதினால், இரண்டாம் மாதத்தில் இருமல் நின்றுவிட்டது என்று விட்டுவிடாமல் ஆறாம் மாதம்வரை போவதுதானே காரியம். இன்னொரு காரணமும் உண்டு. அகப்பொருள் இலக்கணத்தில் ஆடவர்க்குரிய குணங்களை அறிவு, நிறை, ஓர்ப்பு, கடைப்பிடி என்பார்கள். அங்கே கடைப்பிடிக்கு உரைகாரர் தரும் பொருள் 'கொண்ட பொருள் மறவாமை'. மருந்து விஷயத்தில் மறவாமையை விடப் பொருத்தமான விளக்கம் கிடைக்காது.

சரி, நம்மிடம் பத்தியம் என்று ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறதே, அதையே வைத்தால் என்ன என்று கேட்கலாம். பத்தியம் வழியைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது, உடலின் வழிக்கு ஒத்தது என்று பொருள். மருந்து முடிந்தபின் காக்கும் மறுபத்தியம், உப்புப்புளி நீக்கிய கடும்பத்தியம், மருந்தோடு சேர்த்துக் குடிக்கும் தேனோ இஞ்சிச்சாறோ ஆகிய அனுபானம் என்று நாட்டு வைத்தியர்களான பரியாரிமார் இதற்கு ஒரு முழுச் சொற்கூட்டமே வைத்திருந்தார்கள். இன்றும் பிள்ளை பெற்ற வீட்டில் பத்தியக்கறி காய்ச்சுகிறார்கள். ஆகவே வன்னியில் பத்தியம் என்றதும் மனம் சாப்பாட்டுக்குத்தான் போகும். எத்தனை நாள், எத்தனை நேரம் என்ற பக்கத்தை அது தொடாது. அட்ஹியரன்ஸுக்கு முழு நேரானதாக அதை வைக்கமுடியாது.

ஆனாலும் அந்தச் சொல்லைத் தள்ளிவைக்கவும் கூடாது. "இதுக்குப் பத்தியம் ஏதும் இருக்கோ தம்பி?" என்று வயதானவர் ஒருவர் மருந்தாளரிடம் கேட்டால், "அதெல்லாம் இங்கிலிஸ் மருந்துக்கு இல்லை ஐயா" என்று அனுப்பிவிடுவது பிழையான பதில். இங்கிலிஸ் மருந்துக்கும் பத்தியம் உண்டு. இரும்புக் குளிசையைத் தேநீரோடு போட்டால் இரும்பு சரியாக உறிஞ்சப்படாது. சிப்புறோபுளொக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைப் பாலோடு எடுத்தாலும் அதே கதை, மருந்து சரியாக உறிஞ்சப்படாது. மெற்றோனிடசோல் என்ற இன்னொரு கிருமிக்கொல்லியை எடுக்கும் நாட்களில் கள்ளோ சாராயமோ வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பரின் எடுப்பவர் கீரையை விடத் தேவையில்லை, ஆனால் ஒரு கிழமை நிறையவும் அடுத்த கிழமை ஒன்றுமில்லாமலும் சாப்பிடக்கூடாது. தைரொயிட் குறைபாட்டுக்கான தைரொக்சினை வெறும் வயிற்றில் எடுக்கவேண்டும். பத்தியம் என்ற கேள்வி வரும்போது இதைச் சொல்லிவிட்டால், மருந்தாளருக்குத் தனியாக விளக்கவுரை தேவையில்லை.

குளிசை என்ற சொல்லையும் போகிற போக்கில் பார்த்துவிடலாம். அது சிறு உருண்டை என்று பொருள்படும் குளிகையின் திரிபு. தமிழ்நாட்டார் சொல்லும் மாத்திரைக்கு அளவு என்று பொருள். நாங்கள் வடிவத்தைப் பிடித்துக்கொண்டோம், அவர்கள் அளவைப் பிடித்துக்கொண்டார்கள். வடிவத்தையும் நிறத்தையும் பிடித்துக்கொள்வதில் ஒரு தொல்லை இருக்கிறது. ஆஸ்பத்திரியில் குளிசையை எண்ணிக் கடதாசிப் பையில் போட்டுத் தருவார்கள். மருந்து வரும் கம்பனி மாறினால் நிறமும் மாறும். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது வெளிக்கடையில் வாங்கியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். போன மாதம் வெள்ளை, இந்த மாதம் மஞ்சள் என்றால், இரண்டையும் வேறுவேறு மருந்தென்று எண்ணிச் சேர்த்துப் போடுகிறவர் உண்டு. ஒரே பிறசர் குளிசையைக் கிளினிக்கில் மருந்தின் பெயரிலும், தனியார் டொக்டரிடம் கம்பனிப் பெயரிலும் வாங்கி இரட்டிப்பாகப் போடுகிறவரும் உண்டு. இவர்கள் கடைப்பிடிக்காதவர்களா என்றால் இல்லை, அளவுக்கு மேலே கடைப்பிடிக்கிறார்கள்! வீட்டிலிருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வரச்சொல்லி, கிளினிக் கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது பிடிபடும். வவுனியா, முல்லைத்தீவு விவசாயப் பகுதிகள் சிலவற்றில் சிறுநீரக நோய் இருக்கும் நிலையில், அந்தப் பைக்குள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய டைக்குளோபினக் போன்ற நோக்குளிசை கிடக்கிறதா என்றும் பார்த்துவிடுவது நல்லது. உடம்பு உளைவுக்குக் கடையில் வாங்கியது கொப்பியில் இராது.

குறளின் மருந்து அதிகாரத்துக் கடைசிக் குறள், நோயாளி, மருத்துவன், மருந்து, உழைச்செல்வான் என்ற நான்கையும் மருந்தின் கூறாகச் சொல்கிறது. உழைச்செல்வான் என்பவர் மருந்தைப் 'பிழையாமல் இயற்றுவான்' என்கிறார் பரிமேலழகர். இன்றைய மருந்தாளருக்கு இது நெருக்கமான வேலைதான். நோயாளிக்கு நான்கு தகுதிகளையும் அவர் சொல்கிறார்: பொருளுடைமை, மருத்துவன்வழி நிற்றல், நோய்நிலை உணர்த்தல், மருந்துத் துன்பம் பொறுத்தல். மருத்துவன்வழி நிற்றல் அப்படியே கொம்ப்ளயன்ஸ். நோய்நிலை உணர்த்தலில் உடன்பாட்டின் பாதி இருக்கிறது, ஏனென்றால் நோயாளி வாய் திறக்கவேண்டும். இந்தப் பட்டியலில் பொருளுடைமை இருப்பது என்னைக் கவர்ந்தது. இலவச மருந்துதானே என்று நாம் சொல்வோம். ஒட்டுசுட்டானின் உட்கிராமத்திலிருந்து கிளினிக்குக்கு வருகிறவருக்கு அது ஒரு நாள் கூலியும் பஸ் காசும். நெல் வெட்டு நடக்கும் கிழமையில் கிளினிக் விழுந்தால், மருந்து முடிந்தும் அவர் வரமாட்டார்.

எலிக்காய்ச்சலுக்கு முன்காப்பாக வயலில் இறங்குகிறவர்களுக்குக் கொடுக்கும் டொக்சிசைக்கிளினும் இதே சிக்கலில்தான் மாட்டுகிறது. கிழமைக்கு ஒருமுறை 200 மில்லிகிராம். நோயில்லாத ஆள், வெறும் வயிற்றில் போட்டு ஒருமுறை குமட்டினால் அடுத்த கிழமை தொடமாட்டார். சாப்பிட்டபின் நிறையத் தண்ணீரோடு போடுங்கோ, உடனே சரிந்து படுக்காதேங்கோ என்று பீ.எச்.ஐ. எனப்படும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ மருந்தாளரோ சொல்லியிருந்தால் தொட்டிருக்கக்கூடும்.

எதிர்ச்சொல்லும் வேண்டுமே. கடைப்பிடியாமை என்று எழுதலாம், இலக்கணம் இடங்கொடுக்கும். ஆனால் அது குற்றப்பத்திரிகை மாதிரி ஒலிக்கிறது. சனம் சொல்வது "குளிசை விட்டுப்போச்சு". அதிலிருந்து மருந்து விடுகை என்று எடுக்கலாம். மறந்து விட்டது, வேண்டாமென்று விட்டது, கிடைக்காமல் விட்டது என்று அதை மூன்றாகப் பிரிக்கவும் முடியும். மூன்றுக்கும் மருந்தாளர் செய்யவேண்டியது வேறுவேறு: முதலாவதுக்கு நேரத்தைச் சாப்பாட்டோடு கட்டிவிடுவது, இரண்டாவதுக்குப் பக்கவிளைவைக் கேட்டு மருத்துவருக்கு எழுதுவது, மூன்றாவதுக்கு அடுத்த கிளினிக் திகதியை மாற்றிக் கொடுக்க வழிபார்ப்பது. கிளினிக் கொப்பியில் 'ஒழுங்கில்லை' என்று எழுதுகிற இடத்தில், இந்த மூன்றில் எது என்று குறித்துவிடலாம்.